லாபிக்குக் குடிவந்த செடிகள்

எங்கள் அபார்ட்மெண்ட் கூட்டத்தில் பூமியைக் காப்பாற்றுவது நான்காவது விஷயமாக வந்தது. மூன்றாவது, விருந்தாளிகளுக்கான பார்க்கிங்கில் வருடக்கணக்காகக் காரை நிறுத்தி வைத்திருக்கும் நாலாம் மாடிக்காரரைப் பற்றியது. அதிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விட்டதால் பூமிக்குப் பத்து நிமிடம்தான் மிச்சம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பசுமைக் கமிட்டி உருவானது, நான் அதன் செயலாளர் ஆனேன். யாரும் எதிர்த்துப் போட்டியிடவில்லை. எல்லோருடைய கண்ணும் சமோசாத் தட்டின் மேல் இருந்தது.

என்னைப் பிடித்துப் போட்டதற்குக் காரணம் என் உத்தியோகம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இந்தப் பூமிக்குச் செய்துவரும் உபகாரங்களை வருடாவருடம் அறிக்கையாக எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அந்தக் கம்பெனி என்ன தயாரிக்கிறது என்று திடீரென்று கேட்டால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். ஆனால் எந்த வருடத்துக்குள் அது புகையே விடாத புனிதப்பிறவியாகிவிடும் என்பது மனப்பாடம். அந்த வருடம் வரும்போது இப்போது கையெழுத்துப் போட்டிருப்பவர்கள் அத்தனை பேரும் ஓய்வுபெற்று எங்கேயாவது தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். கணக்கு கேட்க ஆள் தேட வேண்டும்.

வாரம் ஒருமுறை ஐரோப்பாவோடு வீடியோவில் கூட்டம் நடக்கும். அங்கே முப்பது டிகிரியைத் தொட்டுவிட்டால் அன்றைக்குக் கூட்டம் துக்க வீடு மாதிரி இருக்கும். ராத்திரி தூங்கவே முடியவில்லை, நாய் சாப்பிடவில்லை என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். நான் உச்சுக்கொட்டி அனுதாபம் தெரிவிப்பேன். ஏசியை இருபத்திரண்டில் வைத்து, குளிருக்குத் தோளில் சால்வை போட்டுக்கொண்டுதான். அந்த நேரத்தில் ஹைதராபாத்தில் எங்கள் ஏ.எஸ்.ராவ் நகர் மெயின் ரோட்டில் நடந்தால் தார் செருப்போடு வரும்.

கமிட்டிக்குத் தலைவர், அபார்ட்மெண்ட் சங்கத்துக்கும் தலைவரான இரண்டாம் மாடி அங்கிள். பக்கத்துத் தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். அங்கே என்ன செய்தார் என்று கேட்டால் சிரிப்பார், அரசாங்க ரகசியமாம், சொல்லமாட்டார். அவருடைய தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்காக மதராஸிலிருந்து செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம். தமிழ்தான் பேசுவார், ஆனால் நடுவில் ஹைதராபாத் வந்து வந்து போகும். எதையும் அளக்காமல் நம்பமாட்டார். சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொன்னால் எவ்வளவு குறைவு என்று கேட்கிற மனிதர் என்று அவர் மனைவியே என்னிடம் நொந்துபோய்ச் சொல்லியிருக்கிறார்.

நாடும் சும்மா இருக்கவில்லை. ஏசிப் பெட்டிகளின் மேல் நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்தது. ஐந்து நட்சத்திரம் என்றால் கரண்ட் குறைவாக எடுக்கும், பூமிக்கு நல்லது. எங்கள் அபார்ட்மெண்டில் இதை எல்லோரும் மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள். படுக்கையறையில் இருந்த பழைய ஏசியைக் கழற்றிவிட்டு ஐந்து நட்சத்திரம் வாங்கினார்கள். கரண்ட் மிச்சமாகிறதே என்று அந்தச் சந்தோஷத்தில் ஹாலுக்கு ஒன்று வாங்கினார்கள். பிள்ளைகள் படிக்கும் அறை மட்டும் என்ன பாவம் செய்தது என்று அங்கேயும் ஒன்று. இப்படிக் கரண்டை மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து, இரண்டு கோடைக்குள் இருபது வீட்டிலும் ஏசி இல்லாத இடம் சமையலறை மட்டும்தான் என்று ஆகிவிட்டது. அங்கே நிற்கிறவர்களை நட்சத்திரம் எட்டிப் பார்க்கவில்லை.

ஏசிக்கு வெளியே ஒரு பெட்டி வேண்டும், அறையின் சூட்டையெல்லாம் வாங்கி அது வெளியே ஊதும். கட்டிடத்தின் முகப்பில் அந்தப் பெட்டியை மாட்டக்கூடாது, அழகு கெட்டுவிடும் என்று எங்கள் சங்கத்தில் ஒரு தீர்மானம் உண்டு. ஆகவே எல்லாப் பெட்டியும் பின்பக்கம். பின்பக்கம் என்றால் கட்டிடத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஓடும் ஒரு குறுகிய சந்து. அதன் கோடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரே ஜன்னல். எங்கள் வாட்ச்மேன், அவர் மனைவி, பத்து மாதப் பெண் குழந்தை, மூன்று பேரும் அதில்தான் இருந்தார்கள்.

அந்த வாட்ச்மேனின் மனைவிக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். ஸ்ரீகாகுளம் பக்கத்துப் பெண். தெலுங்கு மட்டும்தான் பேசுவாள், அதுவும் குரல் வெளியே வராமல். கோடை தொடங்கியதும் ஒருநாள் காலை குப்பைக் கூடையை எடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றாள். இடுப்பில் குழந்தை. கழுத்து, முதுகு, நெற்றி எல்லாம் வேர்க்குரு வெடித்துச் சிவந்து கிடந்தது. பகலில் ஒரு பொட்டுத் தூக்கமில்லை, அழுது அழுது காய்ச்சல் வருகிறது என்றாள். மத்தியானம் மட்டும், பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரைக்கும், கீழே லாபியில் ஒரு ஓரமாகப் பாய் போட்டுக் குழந்தையைப் படுக்கவைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"சோபாவைத் தொடமாட்டேன் மேடம்" என்று தானாகவே சொன்னாள்.

லாபி எங்கள் பெருமை. உயரமான கூரை, மார்பிள் தரை, இரண்டு ஃபேன், இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா. மத்தியான நேரத்தில் அங்கே ஈகூட இருக்காது. இது ஒரு விஷயமா, கமிட்டியில் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். உலகத்துக்கே அறிக்கை எழுதுகிறவளுக்கு ஒரு பாய் விரிக்க இடம் வாங்கித் தர முடியாதா என்ன என்ற கொழுப்பு எனக்கு.

அடுத்த கூட்டத்தில் எழுந்து சொன்னேன். இவ்வளவு பேர் இவ்வளவு நல்லவர்களாக இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. குழந்தை பாவம் என்றார்கள். பிறகு ஒருவர், இன்றைக்கு வாட்ச்மேன் குழந்தை, நாளைக்கு இஸ்திரிக்காரர் வந்து படுத்தால் என்ன செய்வது என்று சந்தேகம் கேட்டார். மூன்றாம் மாடி அம்மா, தன் பெண்ணைப் பார்க்கப் பையன் வீட்டார் எந்த நேரமும் வரக்கூடும், நுழைகிற இடத்தில் பாயும் பால்புட்டியும் கிடந்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட்டார். இன்னொருவர் இதை மனிதாபிமானத்தோடு அணுக வேண்டும் என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மனிதாபிமானத்தோடு அடுத்த கூட்டத்தில் அணுகுவது என்று முடிவானது.

தலைவர் என்னைத் தனியே அழைத்துச் சமாதானம் செய்தார். "ஹவ் மா, ஆமா, நீ சொல்றது கரெக்ட்தான். ஆனா சூடு சூடுன்னா எத்தனை சூடு? டேட்டா இல்லாம ரெசல்யூஷன் எப்படிப் போடறது, சொல்லு."

மறுநாளே டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவந்தார். குறை சொல்லக்கூடாது, அந்த வயதில் அந்த வெயிலில் தினமும் மூன்று வேளை இறங்கிப் போய்ப் பார்த்து ஒரு நோட்டில் குறித்தார். தெர்மாமீட்டரைச் சந்தின் வாயில் இருக்கும் இரும்புக் கேட்டில் தொங்கவிட்டிருந்தார். அறைக்குப் பக்கத்திலேயே மாட்டலாமே அங்கிள் என்று கேட்டேன். உள்ளே ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை மா, அப்புறம் யார் ரீடிங் எடுப்பது என்றார். சொன்னவர் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. இரண்டு வாரத்தில் கலர் கலராக ஒரு வரைபடம் தயாரானது. அதைப் பார்க்க வந்த ஓய்வுபெற்ற எஞ்சினியர்கள் ஆளுக்கொரு கோட்டைத் தொட்டுக் காட்டி மணிக்கணக்கில் விவாதித்தார்கள். சந்து சூடாகத்தான் இருக்கிறது என்பது விஞ்ஞானபூர்வமாக நிரூபணமாகிவிட்டது. லாபி விஷயம் மட்டும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த கூட்டத்தில், அடுத்த கூட்டத்தில் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தலையாட்டுவாள். குழந்தை அழும்.

இதற்கு நடுவில்தான் பசுமைக் குடியிருப்புப் போட்டி வந்தது. நாலைந்து காலனிகள் சேர்ந்து நடத்துவது. நடுவர்கள் கட்டிடத்தைச் சுற்றி நடந்து பார்ப்பார்கள். முன்பக்கம் பிரச்சினையில்லை, பின்பக்கம் சந்து கண்றாவியாக இருக்கிறதே என்று தலைவருக்குக் கவலை. சுவரோரமாகச் செடி வைத்து மறைத்துவிடலாம் என்று தீர்மானம் போட்டோம். போலாரம் போகிற வழியில் ஒரு நர்சரியிலிருந்து நாற்பது தொட்டிகள் வேனில் வந்து இறங்கின. மணி பிளாண்ட், பனை மாதிரி விரியும் ஒன்று, பெயர் தெரியாத அகல இலைச் செடி ஒன்று. சந்து முழுக்க வரிசையாக அடுக்கிப் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டோம். இதயங்கள் குவிந்தன.

மூன்றாம் நாள் இலைகள் ஓரத்தில் கருகத் தொடங்கின. நாலாம் நாள் சுருண்டு அப்பளமாயின. தண்ணீர் போதவில்லையோ என்று பார்த்தால் தொட்டி ஈரமாகத்தான் இருந்தது. நர்சரிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் சந்துக்குள் நாலடி வைத்தார், மேலே வரிசையாக இரையும் பெட்டிகளை நிமிர்ந்து பார்த்தார், உடனே வெளியே வந்துவிட்டார். இந்தச் சூட்டில் எந்த உயிரும் பிழைக்காது சார், உடனே எடுத்து நிழலான இடத்தில் வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு எங்கள் சங்கத்தின் வேகத்தைப் பார்க்க வேண்டும். கூட்டம் கூட்டவில்லை. டேட்டா கேட்கவில்லை. முன்னுதாரணம் ஆகிவிடுமே என்று யாரும் பயப்படவில்லை. வாட்ஸப்பிலேயே முக்கால் மணி நேரத்துக்குள் இருபது வீடும் சம்மதம் சொல்லியாகிவிட்டது. செடிகளுக்கு அந்த வெப்பம் தாங்காது என்பதால் அவற்றை லாபிக்கு மாற்றுவது என்று ஏகமனதாகத் தீர்மானம். பையன் வீட்டார் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்று மூன்றாம் மாடி அம்மா எழுதியிருந்தார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் கொதித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். 'செடிக்குக் கிடைத்த அனுமதி குழந்தைக்குக் கிடைக்காதா?' என்று தட்டினேன். ஒருமுறை படித்தேன். எல்லோரையும் தினமும் லிஃப்டில் பார்த்தாக வேண்டும். மாவு மிஷினில் பார்க்க வேண்டும். என் பெண்ணுக்கு அந்த வீட்டுப் பெண்கள்தான் சிநேகிதிகள். தட்டியதை அழித்தேன். ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி அனுப்பினேன். பிறகு செயலாளர் என்ற முறையில் அந்தத் தீர்மானத்தை நல்ல இங்கிலீஷில், தப்பில்லாமல் எழுதியும் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் ஒரு வாக்கியத்தைக்கூட மாற்றவில்லை.

நாற்பது தொட்டிகளையும் சந்திலிருந்து லாபிக்குச் சுமந்தவர்கள் வாட்ச்மேனும் அவர் மனைவியும்தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் சின்னத் தொட்டிகளைத் தூக்கினாள். பிறகு காலையும் மாலையும் ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைக்கும் வேலையும் அவளிடம் வந்தது. ஃபேனைப் போட்டுவிட்டுத் துடைக்கச் சொல்லியிருந்தார்கள், செடிக்குக் காற்று வேண்டும் என்று. லாபியைப் பற்றி அதற்குப் பிறகு அவள் என்னிடம் கேட்கவே இல்லை.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஊரைத் திருத்த முடியாவிட்டால் என்னையாவது திருத்திக்கொள்கிறேன் என்று ஒரு வீறாப்பில் என் வீட்டு ஏசி மூன்றையும் நிறுத்தினேன். தனிமனித முயற்சி என்று அறிக்கைகளில் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன், செய்து பார்த்தது அதுதான் முதல் தடவை. முதல் நாள் தியாகி மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் எதிரே பேசுகிறவர்களையெல்லாம் அடிக்கலாம் போலிருந்தது. எட்டாவது படிக்கும் என் பெண் தமிழில் திட்டினால் எனக்கு உறைக்காது என்று நினைத்தாளோ என்னவோ, தெலுங்கிலும் இங்கிலீஷிலும் மாறி மாறித் திட்டிவிட்டு எதிர் வீட்டுக்குப் படிக்கப் போய்விட்டாள். மூன்றாம் நாள் வியர்வையில் கீபோர்டு வழுக்கியது.

அன்று சாயங்காலம் தலைவரைப் பிடித்து, சந்தில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டேன். என் ஏசி விஷயத்தைச் சொல்லவில்லை. அவர் நோட்டைப் புரட்டினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒண்ணும் சேஞ்ச் இல்ல மா. அப்படியே ஃப்ளாட்டா இருக்கு. கைக்கு, எதுக்குக் கேட்கறே?"

சும்மா கேட்டேன் என்றேன். என் நெஞ்சில் முதலில் வந்தது ஏமாற்றமில்லை, நிம்மதி. அதை ஒளிப்பதற்கில்லை. அறுபது பெட்டிகளில் என் மூன்று பெட்டிகளால் என்ன ஆகிவிடும் என்று நான் உள்ளுக்குள் நினைத்தது விஞ்ஞானபூர்வமாக நிரூபணமாகிவிட்டது. மறுநாள் ஐரோப்பாவோடு முக்கியமான கூட்டம் வேறு. வியர்த்து வழிந்துகொண்டு முகத்தைக் காட்ட முடியுமா. நாலாம் நாள் காலை ஏசியைப் போட்டேன். சில்லென்று காற்று வந்ததும் எனக்குத் தெளிவு பிறந்துவிட்டது. தனிமனித முயற்சிகள் மன ஆறுதலுக்கானவை மட்டுமே, அரசாங்கங்களும் சர்வதேச ஒப்பந்தங்களும் மாறாமல் ஒன்றும் மாறாது என்று அந்த வருட அறிக்கைக்கு ஒரு பத்தி எழுதினேன். இதுவரை நீங்கள் எழுதியதிலேயே மிக நேர்மையான பத்தி என்று அங்கேயிருந்து பாராட்டு வந்தது.

போட்டியில் எங்களுக்கு இரண்டாம் பரிசு. நடுவர்கள் லாபியில் செடிகளுக்கு நடுவே சோபாவில் உட்கார்ந்து மோர் குடித்தார்கள். சட்டம் போட்டு மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்து இப்படியொரு விஞ்ஞான அணுகுமுறையை வேறெங்கும் பார்க்கவில்லை என்றார்கள். பின் சந்தைப் பார்க்கக் கிளம்பியவர்கள் கேட்டருகே போனதும், உள்ளே ரொம்ப சூடாக இருக்கும்போலிருக்கிறதே, இருக்கட்டும் என்று திரும்பிவிட்டார்கள். பரிசாக ஒரு கேடயமும் ஒரு மரக்கன்றும் கொடுத்தார்கள். மரக்கன்றை எங்கே நடுவது என்பது அடுத்த கூட்டத்துக்கு விடப்பட்டது.

பரிசு வாங்கி இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும், வாட்ச்மேனின் மனைவி கதவைத் தட்டினாள். கையில் துணிப்பை, இடுப்பில் குழந்தை. குழந்தை இளைத்துக் கண் பெரிதாகத் தெரிந்தது. காய்ச்சல் விடவில்லை, குளிர்ச்சியான இடத்தில் வைத்துக்கொள் என்று டாக்டர் சொல்லிவிட்டார், மழை பிடிக்கும் வரை அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். வாட்ச்மேன் இங்கேயே இருப்பார். செடிகளை அவர் துடைத்துவிடுவார், நான் சொல்லிவிட்டேன் என்று எனக்குத் தைரியம் சொன்னாள்.

லாபி விஷயம் நடக்காமல் போனதற்கு வருத்தமாக இருக்கிறது என்று சொன்னேன். குழந்தையின் காலைப் பிடித்து ஆட்டினேன். அவள் சிரித்தாள். போகத் திரும்பியவள் ஏதோ ஞாபகம் வந்தவளாய் நின்றாள்.

"போன மாசம் ஊருக்குப் போயிருந்தீங்களா மேடம்?" என்று தெலுங்கில் கேட்டாள்.

எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"எல்லாப் பெட்டியும் மேலே இருக்கு, அந்தக் காத்து கூரைக்கு மேலயே போயிடும். உங்க பெட்டி ஒண்ணுதான் கீழே, எங்க ஜன்னலுக்கு நேரா. நடுவுல மூணு நாள் அது ஓடல. மூணு நாளும் மத்தியானம் பாப்பா நல்லாத் தூங்கினா. மேடம் ஊருக்குப் போயிருக்காங்க போலன்னு நினைச்சோம்."

மூன்றாவது ஏசியை மாட்ட வந்த மெக்கானிக்கிடம் ஏணி இல்லை, கீழேயே வைத்துவிடுகிறேன், சர்வீஸுக்கும் சௌகரியம் என்று அவர் சொன்னதற்கு நான் சரியென்றிருந்தேன். அது எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. இவ்வளவு பேசியும் எழுதியும் அந்தச் சந்துக்குள் நான் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. அவள் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள், ரயிலுக்கு நேரமாகிறது என்று கீழேயிருந்து அவள் கணவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, ஊருக்குத்தான் போயிருந்தேன்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு என்ன செய்கிறாய், கூலிங் எல்லாம் வெளியே போகிறது என்று என் பெண் உள்ளேயிருந்து தெலுங்கில் கத்தினாள். கதவைச் சாத்தினேன்.